டாலர் நோட்டுப் படத்தை எழுதிய கடனாளி

அமெரிக்க ஒரு டாலர் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதிலுள்ள முகம் மறக்காது. அகன்ற நெற்றி, இறுக மூடிய வாய், எதையும் வெளியே காட்டிக் கொள்ளாத கண்கள். அவர் ஜார்ஜ் வாஷிங்டன், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஜனாதிபதி என்று பள்ளிப் பையனும் சொல்வான். அந்த முகத்தை எழுதிய கை யாருடையது என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பார்கள்.

எழுதியவர் பெயர் கில்பர்ட் ஸ்டூவர்ட். 1869-ம் ஆண்டில் அவருடைய சித்திரத்தைப் பார்த்துச் செதுக்கிய படம் டாலர் நோட்டில் ஏறியது. அதன் பிறகு எத்தனை கோடி நோட்டுகள் அச்சாகிக் கைமாறியிருக்கும் என்று யார் எண்ணுவது? ஆனால் ஸ்டூவர்ட்டின் பையில் மட்டும் டாலர் தங்கியதே இல்லை. லண்டனில் கடன், டப்ளினில் கடன், பாஸ்டனில் கடன். கடைசியில் மனைவிக்கும் பெண்களுக்கும் கடனை மட்டுமே வைத்துவிட்டுப் போனார். அவரைப் புதைத்த இடம் எது என்று பத்து வருஷம் கழித்து அவர் குடும்பத்தாருக்கே அடையாளம் தெரியவில்லை.

பொடி மில்லில் பிறந்தவர்

ஸ்டூவர்ட் பிறந்தது 1755-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி. அன்று அமெரிக்கா என்று ஒரு தனி தேசம் கிடையாது; பிரிட்டிஷ் மன்னரின் குடியேற்றங்கள்தாம் இருந்தன. அவற்றுள் மிகச் சிறியதான ரோட் ஐலண்டில், ஓர் ஓடைக் கரையில், அவருடைய தகப்பனார் மூக்குப்பொடி மில் வைத்திருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த மனிதர் அவர். அமெரிக்கக் குடியேற்றங்களில் முதன்முதலாக ஏற்பட்ட பொடி மில் அதுதான். ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்ற, கீழே புகையிலை பொடியாகும், மேலே குடித்தனம். பிறந்த நாளிலிருந்தே பொடி நெடியைச் சுவாசித்த பிள்ளை. அதனாலோ என்னவோ, பிற்காலத்தில் ஸ்டூவர்ட் போட்ட பொடிக்குக் கணக்கே இல்லை. சட்டையிலும் பொடி, விரலிலும் பொடி என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வீடும் மில்லும் இன்று பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலையாக இருக்கின்றன.

பொடி வியாபாரம் சோபிக்கவில்லை. பையனுக்கு ஆறு வயது ஆகும்போது குடும்பம் நியூபோர்ட் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு வைத்தியர் வீட்டில், மேஜைக்கு அடியில் படுத்திருக்கும் இரண்டு நாய்களை அவன் எழுதிய படம் இன்றும் இருக்கிறது. எழுதும்போது அவனுக்கு வயது பதினான்கு வாக்கில் இருக்கும்.

அந்தச் சமயத்தில் காஸ்மோ அலெக்சாண்டர் என்ற ஸ்காட்லாந்துச் சித்திரக்காரர் நியூபோர்ட்டுக்கு வந்தார். பையனின் கையைப் பார்த்து வியந்து, சிஷ்யனாக ஏற்றுக்கொண்டு, ஊர் ஊராகக் கூட்டிச் சென்றார். பிறகு கடல் கடந்து எடின்பரோவுக்கும் அழைத்துப் போனார். 1772-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குரு திடீரென்று காலமானார். அந்நிய ஊரில் பதினாறு வயதுப் பையன் அநாதையாக நின்றான். சில மாதங்கள் தட்டுத் தடுமாறிப் பார்த்துவிட்டு, நிலக்கரிக் கப்பல் ஒன்றில் கூலிவேலை செய்து கொண்டே ஊர் திரும்பினான் என்பார்கள். அந்தப் பிரயாணத்தைப் பற்றிப் பின்னாளில் ஸ்டூவர்ட் வாய் திறந்ததில்லை. மற்ற விஷயங்களில் அவர் பேசாத பேச்சே கிடையாது என்பதை நினைத்தால், பட்ட பாடு கொஞ்சமாக இராது.

முப்பது பவுன் சம்பளம்

ஊரில் மெல்லப் படம் எழுதும் தொழில் பிடிபட்டு வரும் வேளையில் 1775-ம் ஆண்டில் சுதந்திர யுத்தம் மூண்டது. துப்பாக்கி வெடிக்கும்போது யார் தம் முகத்தை எழுதச் சொல்லி உட்காருவார்கள்? தகப்பனார் மன்னர் கட்சி. அவர் கனடாப் பக்கம் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய்விட்டார். மகன் லண்டனுக்குக் கப்பல் ஏறினான். இருபது வயது நிரம்பவில்லை.

லண்டனில் அவனுக்கு நம்பிக்கை ஒரே ஒரு மனிதர்தான்: நியூபோர்ட்டில் கூடப் படித்த பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ். வைத்தியம் படிக்க வந்திருந்தவர். ஆனால் ஸ்டூவர்ட் போய் இறங்கிய சமயம் அவர் லண்டனில் இல்லை! அறிமுகமில்லாத நகரம், கையில் காசு இல்லை. ஒரு நாள் தெருவில் நடந்து போகும்போது ஒரு மாதா கோவிலிலிருந்து ஆர்கன் வாத்தியத்தின் ஓசை கேட்டது. உள்ளே போய் விசாரித்தால், அந்தக் கோவிலுக்கு ஆர்கன் வாசிக்க ஆள் தேர்ந்தெடுக்கிறார்களாம். சங்கீதத்தில் ஸ்டூவர்ட்டுக்கு நல்ல பயிற்சி உண்டு. அனுமதி கேட்டு உட்கார்ந்து வாசித்தார், வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் வருஷத்துக்கு முப்பது பவுன். பட்டினி கிடக்காமல் அந்த முப்பது பவுன்தான் காப்பாற்றியது.

பிறகு வாட்டர்ஹவுஸ் வந்து சேர்ந்தார். நண்பனின் கடனை அடைத்தார். தமக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லிப் படம் எழுதும் வேலை வாங்கித் தந்தார். வைத்திய மாணவர்கள் தங்கள் ஆசிரியரின் படத்துக்காக ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் திரட்டிய தொகையை ஸ்டூவர்ட்டிடம் முன்பணமாகக் கொடுக்கவும் செய்தார். ஸ்டூவர்ட் பணத்தைச் செலவழித்தார். படத்தைத் தொடவே இல்லை. கடைசியில் வாட்டர்ஹவுஸ் தம் கைப்பணத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த வாட்டர்ஹவுஸ்தான் பிற்காலத்தில், 1800-ம் ஆண்டில், அமெரிக்காவில் அம்மைப்பால் குத்தும் முறையைப் புகுத்திப் புகழ் பெற்றவர். அவரைப் போன்ற ஒரு நண்பர் ஸ்டூவர்ட்டுக்கு வாய்த்தது பூர்வ புண்ணியம் என்றே சொல்ல வேண்டும்.

முன்பணம் வாங்குவது, செலவழிப்பது, படத்தை முடிக்காமல் விடுவது. இந்த மூன்றும் அப்போதே ஆரம்பமாகிவிட்டன.

பனிக்கட்டி மேல் வந்த புகழ்

அக்காலத்தில் லண்டனில் பெஞ்சமின் வெஸ்ட் என்ற மகா ஓவியர் இருந்தார். அவரும் அமெரிக்கர், பென்சில்வேனியாக்காரர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவு பெற்றவர். கடல் கடந்து வரும் அமெரிக்க இளைஞர்களுக்கு அவர் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும். 1777-ம் ஆண்டில் ஸ்டூவர்ட் தம் வறுமையை விவரித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெஸ்ட் அழைத்துத் தம்மிடம் உதவியாளராக வைத்துக்கொண்டார். சுமார் ஐந்து வருஷம் ஸ்டூவர்ட் அங்கே இருந்தார். குருவின் படங்களுக்குப் பிரதி எழுதினார், உடைகளுக்கு வர்ணம் தீட்டினார்.

குருவும் சிஷ்யரும் ஒன்றுபோல இல்லை. வெஸ்ட் போர்க்களம், புராணம், சரித்திரம் என்று பெரிய பெரிய காட்சிகளாக எழுதுவார். ஸ்டூவர்ட்டுக்கு முகம் போதும். முகத்தில்தான் அவருக்கு எல்லாம் இருந்தது. ஐந்தாவது பொத்தானுக்குக் கீழே எழுத இவருக்குத் தெரியாது என்று லண்டன் சித்திரக்காரர்கள் கேலி பேசினார்கள்.

கேலிக்குப் பதில் கிடைத்த விதம் விநோதமானது. வில்லியம் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்துக் கனவான் முழு உருவப் படம் எழுதிக்கொள்ள வந்தார். கடுங்குளிர் நாள். உட்கார்ந்து படம் எழுதுவதைவிடப் பனிச்சறுக்கு விளையாடத் தக்க நாள் இது என்று கிராண்ட் சொல்ல, ஸ்டூவர்ட்டும் எழுந்துவிட்டார். இருவரும் ஹைட் பார்க்கில் உறைந்திருந்த ஏரிக்குப் போய்ச் சறுக்கினார்கள். பனிக்கட்டி விரிசல் விட்டது; இருவரும் கரைக்குத் தப்பி வந்தார்கள். ஆனால் ஸ்டூவர்ட்டின் மனத்தில் படம் விழுந்துவிட்டது. கறுப்பு உடையும் தொப்பியும் அணிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலின் சாய்வில் பனிமேல் வழுக்கிச் செல்லும் மனிதர்; பின்னால் குளிர்கால மரங்கள். அதுவரை உருவப் படம் என்றால் ஆடாமல் அசையாமல் நிற்பதுதான். இதில் மனிதர் நகர்கிறார்!

1782-ம் ஆண்டு ராயல் அகாடமி கண்காட்சியில் அந்தப் படம் வைக்கப்பட்டபோது ஜனங்கள் மொய்த்தார்கள். ஒரே படத்தால் ஸ்டூவர்ட் பெரிய மனிதரானார். சுமார் நூறு வருஷம் கழித்து, 1878-ம் ஆண்டில், அதே படம் மறுபடி லண்டனில் காட்சிக்கு வந்தது. அப்போது எழுதியவர் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. கெயின்ஸ்பரோ போன்ற ஆங்கில மேதை எழுதியதாக இருக்கவேண்டும் என்று விமர்சகர்கள் வாதாடினார்கள். ஸ்டூவர்ட்டுக்கு இதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது, பெரிய அநியாயமும் கிடையாது. படம் இப்போது வாஷிங்டன் நகரத்து தேசியச் சித்திரசாலையில் இருக்கிறது.

ராஜபோகமும் ஓட்டமும்

புகழோடு பணமும் வந்தது. லண்டனின் நாகரிகமான தெருவில் வீடு, விருந்து, சங்கீதக் கச்சேரி. நண்பர்கள் தினமும் சாப்பாட்டுக்கு வரலாம். ஆனால் வாசலில் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் தொப்பி மாட்டும் முளைகள் இருக்கும். முதலில் வருகிறவர்கள் தொப்பியை மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டியது. முளை காலியில்லை என்றால் வந்தவர் சத்தம் போடாமல் திரும்பிவிட வேண்டியது. இப்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தாராம். வேடிக்கையான ஏற்பாடுதான், ஆனால் தினம் விருந்து போட்டால் எந்த வருமானம் தாங்கும்?

அந்த வருஷங்களில் அவர் எழுதியவர்களுள் ஆங்கில ஓவிய உலகின் தலைவரான சர் ஜோஷுவா ரெய்னால்ட்ஸும் ஒருவர். 1784-ம் ஆண்டில் எழுதிய அப்படத்தில் ரெய்னால்ட்ஸ் கையில் பொடி டப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். பொடி மில் பிள்ளைக்கு அந்த நுணுக்கம் கண்ணில் படாமல் போகுமா?

1786-ம் ஆண்டில் ஷார்லட் கோட்ஸ் என்ற பெண்ணை மணந்தார். வைத்தியர் ஒருவரின் மகள், நன்றாகப் பாடுவாள். மாப்பிள்ளையின் ஊதாரித்தனம் தெரிந்த பெண் வீட்டாருக்கு இந்தக் கலியாணத்தில் இஷ்டமில்லை என்பார்கள். அவர்கள் பயந்தது வீண்போகவில்லை. மறு வருஷமே கடன்காரர்களுக்குப் பயந்து தம்பதிகள் அயர்லாந்துக்குப் போக நேர்ந்தது. பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்று, நாடு விட்டு நாடு, ஊர் விட்டு ஊர் சென்று குடித்தனம் நடத்திய அந்த அம்மாளைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் அதிகம் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

டப்ளினில் ஆறு வருஷம். பிரபுக்களும் பாதிரிமார்களும் படம் எழுதிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். ஸ்டூவர்ட் பாதி கூலியை முன்பணமாக வாங்கினார், முகத்தை எழுதினார், மிச்சத்தை எழுத மனம் வராமல் மூலையில் சாத்தினார். ஊருக்கு வெளியே வீடு எடுத்துத் தோட்டம் போட்டார், பன்றி வளர்த்தார். பழையபடி கடன். இந்தத் தடவை தப்பிக்க அவருக்கு ஒரு யுக்தி தோன்றியது. புதுக் குடியரசின் ஜனாதிபதி வாஷிங்டன் உலகமெல்லாம் பேசப்படுகிறவர். அவரை ஒரு தடவை எதிரே உட்காரவைத்து எழுதிவிட்டால், அதையே பிரதி எழுதி விற்றுக் கடனையெல்லாம் தீர்த்துவிடலாம்! 1793-ம் ஆண்டில் கப்பலேறி நியூயார்க்கில் போய் இறங்கினார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு தாய்நாடு.

சிரிக்காத ஜனாதிபதி

நியூயார்க்கில் பிரதம நீதிபதி ஜான் ஜேயின் படத்தை எழுதி, அவரிடமிருந்தே வாஷிங்டனுக்கு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு, 1794-ம் ஆண்டு இறுதியில் அப்போதைய தலைநகரான பிலடெல்பியாவுக்குப் போனார். மறு வருஷம் வாஷிங்டன் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

ஸ்டூவர்ட்டின் பெரிய ஆயுதம் அவர் பேச்சு. படைத் தலைவர் வந்தால் யுத்தத்தைப் பற்றி, விவசாயி வந்தால் வெள்ளாமையைப் பற்றி, அரசியல்வாதி வந்தால் சரித்திரத்தைப் பற்றிப் பேசுவார். பேச்சின் சுவாரசியத்தில் எதிரே இருப்பவர் தாம் யார் என்பதை மறந்து, சொந்த முகத்தோடு இருப்பார். அந்தக் கணத்தில் தூரிகை வேலை செய்யும். இந்த ஆயுதம் வாஷிங்டனிடம் செல்லவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முகத்துக்குத் திரை விழுந்துவிட்டது. தாம் ஜெனரல் வாஷிங்டன் என்பதையும், எதிரே இருப்பவன் ஸ்டூவர்ட் என்ற ஓவியன் என்பதையும் கொஞ்சம் மறந்துவிடும்படி ஸ்டூவர்ட் வேண்டிக்கொண்டாராம். இருவரும் தத்தம் ஸ்தானத்தை மறக்க அவசியமில்லை என்று ஜனாதிபதி மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டார். பிறகு ஒரு நாள் குதிரைகளைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் முகத்தில் ஒளி வந்தது என்றும், அதைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டூவர்ட் படத்தைக் கரையேற்றினார் என்றும் சொல்வதுண்டு.

முதல் படம் அவருக்குத் திருப்தி தரவில்லை. ஆனாலும் பிரதி கேட்டவர்கள் கூட்டம் பெரிது. 1795-ம் ஆண்டு ஏப்ரலில் அவர் எழுதி வைத்த பட்டியலில் 32 பேர் சேர்ந்து 39 பிரதிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது படம்தான் டாலர் நோட்டுப் படம். 1796-ம் ஆண்டில் ஜனாதிபதியின் மனைவி மார்த்தா அம்மையார் தம் வீட்டில் மாட்டுவதற்காகத் தங்கள் இருவர் படத்தையும் எழுதச் சொன்னார். அந்தச் சமயம் வாஷிங்டனுக்குப் புதுப் பல்செட்டு கட்டியிருந்தது. தந்தத்தில் செய்த பொய்ப்பற்கள், சரியாகப் பொருந்தவில்லை, வாயைப் புடைக்கச் செய்தன. டாலர் நோட்டில் ஜனாதிபதியின் வாய் அப்படி இறுகிக் கிடப்பதற்குக் காரணம் கம்பீரம் மட்டும் அல்ல, பல்செட்டும்தான்! படத்தில் உள்ள முகத்தை நோட்டில் இடம் வலமாகத் திருப்பிச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

மார்த்தா அம்மையாருக்கு வராத படம்

முகம் முடிந்தது. சுற்றிலும் கொஞ்சம் பழுப்பு வர்ணம். அதற்குக் கீழே வெறும் துணி. அப்படியே நிறுத்திவிட்டார் ஸ்டூவர்ட்.

காரணம் சோம்பல் அல்ல. இதைவிட உயிருள்ள வாஷிங்டனைத் தாம் இனி எழுதப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. படத்தை முடித்தால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பிரதி எழுத மூலம் இராது. ஆகவே முடிக்கவில்லை. ஜனாதிபதி வீட்டிலிருந்து கேட்கும்போதெல்லாம் இன்னும் முடியவில்லை என்ற பதில் போயிற்று. அது பொய்யும் அல்ல! ஜோடிப் படமான மார்த்தாவின் படமும் அதே கதிதான். வாஷிங்டனே படத்தை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார் என்று ஸ்டூவர்ட்டின் தரப்பில் சொல்வார்கள். அவருக்கு ஒரு பிரதி போதும் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் கேட்டவர் மார்த்தா. வாஷிங்டன் 1799-ம் ஆண்டில் மறைந்தார். கணவரின் அந்த முகம் தம் வீட்டுச் சுவருக்கு வராமலே 1802-ம் ஆண்டில் அந்த அம்மையாரும் கண்ணை மூடினார். ஸ்டூவர்ட்டின் கடன்களில் பணக்கடன்களையெல்லாம் மன்னித்து விடலாம். இதை மன்னிப்பது கடினம்.

அந்த மூலத்தைப் பார்த்து அவர் எழுபது எண்பது பிரதிகள் வரை எழுதியதாகக் கணக்கிடுகிறார்கள். விலை நூறு டாலர். அவற்றைத் தம் நூறு டாலர் நோட்டுகள் என்றே வேடிக்கையாகக் குறிப்பிடுவார். சில பிரதிகள் அருமையானவை. சில, வாடகை கொடுக்க வேண்டிய அவசரத்தில் எழுதியவை என்று பார்த்தாலே தெரியும்.

அதே 1796-ல் முழு உருவப் படமும் ஒன்று எழுதினார். பிங்காம் என்ற செல்வந்தர் இங்கிலாந்தின் லான்ஸ்டவுன் பிரபுவுக்குப் பரிசளிப்பதற்காக எழுதச் சொன்னது. கறுப்பு வெல்வெட்டு உடையில் ஒரு கையை நீட்டி, மறு கையில் வாளைப் பிடித்து வாஷிங்டன் நிற்கிறார், பின்னால் வானவில். அந்தப் படம் லண்டன் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒருவர் அதைச் செதுக்கி அச்சிட்டு விற்றார். ஸ்டூவர்ட்டுக்கு ஒரு காசு வரவில்லை. போதாக்குறைக்கு, எழுதியவர் பெயரைக் கேப்ரியல் ஸ்டூவர்ட் என்று தப்பாக வேறு போட்டிருந்தார்கள்!

இன்னொரு திருட்டு இன்னும் தூரத்தில் நடந்தது. பிலடெல்பியாக் கப்பல் தலைவர் ஒருவர் ஸ்டூவர்ட்டிடம் வாஷிங்டன் படம் ஒன்றை வாங்கிச் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குக் கொண்டு போனார். கண்ணாடியில் சித்திரம் எழுதுவதில் கெட்டிக்காரர்களான சீனர்களைக் கொண்டு நூறு பிரதிகள் எழுதவைத்து, கப்பலில் ஏற்றி வந்து விற்றார். 1802-ம் ஆண்டில் ஸ்டூவர்ட் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு வாங்கினார். முகம் வாஷிங்டனுடையது, முதலில் கேட்டவர் மார்த்தா, கடைசியில் உரிமை கொண்டாடி நீதிமன்றம் ஏறியவர் ஸ்டூவர்ட்!

நெருப்பிலிருந்து தப்பியது

லான்ஸ்டவுன் படத்துக்கும் பிரதிகள் உண்டு. ஸ்டூவர்ட் எழுதியதாகக் கருதப்படும் ஒரு பிரதியை அமெரிக்க சர்க்கார் 1800-ம் ஆண்டில் ஜனாதிபதி மாளிகைக்காக வாங்கியது. 1814-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி பிரிட்டிஷ் படை தலைநகருக்குள் நுழைந்தது. ஜனாதிபதி மாடிசனின் மனைவி டாலி மாளிகையில் இருந்தார். வண்டி வாசலில் காத்திருந்தது. வாஷிங்டன் படத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அந்த அம்மையார் பிடிவாதமாக நின்றார். சட்டம் சுவரோடு திருகி முடுக்கப்பட்டிருந்தது; கழற்ற நேரமில்லை. வேலையாட்கள் சட்டத்தை உடைத்துப் படத்தை எடுத்தார்கள். அன்றிரவு மாளிகை எரிந்தது. பிழைத்த படம் பின்னால் வெள்ளை மாளிகைக்கே திரும்பி வந்தது.

அந்தப் பிரதியில் ஒரு வேடிக்கை உண்டு. மேஜைக்கு அடியில் உள்ள சட்டப் புத்தகத்தின் முதுகில் ஐக்கிய நாடுகள் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஒரு தேசத்தின் பெயரையே தப்பாக எழுதிய படம், அந்தத் தேசத்தின் தலைவர் வீட்டுச் சுவரில்!

வர்ணமும் கோபமும்

1803 முதல் இரண்டு வருஷம் புதுத் தலைநகரில் இருந்துவிட்டு, 1805-ம் ஆண்டில் ஸ்டூவர்ட் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அங்கேதான். முதல் ஆறு ஜனாதிபதிகளும் அவர் தூரிகைக்கு முகம் காட்டியவர்கள். மொத்தம் ஆயிரத்துக்கு மேல் உருவப் படங்கள் எழுதினார்.

எழுதும் முறை அலாதி. பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது கிடையாது, நேரே தூரிகைதான். மனிதத் தோலுக்கு ஒரே நிறம் என்று ஒன்று இல்லை, பட்டுக் கடையிலுள்ள பளபளப்பு அத்தனையும் அதில் உண்டு என்பது அவர் கொள்கை. அதனால் வர்ணங்களைக் குழைத்து மழுப்பாமல், சிவப்பு, நீலச் சாயல், மஞ்சள் எல்லாவற்றையும் தனித்தனித் தீற்றலாகப் பக்கம் பக்கமாக வைப்பார். அருகே போனால் தீற்றல். நாலடி தள்ளி நின்றால் ரத்தம் ஓடும் கன்னம். உடை, நகை, திரைச்சீலை இவற்றில் சிரத்தை கிடையாது; ஆண்டவன் செய்ததை நான் எழுதுகிறேன், தையற்காரன் செய்ததைத் தையற்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்ற மனப்பான்மை. வெளிநாட்டுச் சரக்கு வராத தடைக்காலத்தில் நல்ல துணி கிடைக்காதபோது, பலகையில் துணி நெசவு போலக் கீறல் போட்டு அதன்மேல் எழுதினார்.

வாடிக்கைக்காரர்கள் பட்ட பாடோ சொல்ல முடியாது. ஜனாதிபதி ஜெபர்சன் 1800-ம் ஆண்டில் நூறு டாலர் கொடுத்து உட்கார்ந்தார். அந்தப் படம் சரியில்லை என்று ஸ்டூவர்ட் 1805-ல் மறுபடி உட்காரச் சொன்னார். படம் ஜெபர்சன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 1821-ல்! அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஜான் ஆடம்ஸ் தம்பதிகளும் சுமார் பதினைந்து வருஷம் காத்திருந்தார்கள். இத்தனைக்கும் ஆடம்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூவர்ட்டின் பேச்சைக் கேட்பதற்காகவே வருஷம் முழுவதும் அவர் எதிரே உட்காரலாம் என்று கருதியவர் அவர். ஏறக்குறைய எண்பத்தெட்டாவது வயதில், 1823-ல், மகன் விருப்பப்படி கடைசித் தடவை உட்கார்ந்தார். உடல் தளர்ந்து, கண் மட்டும் தளராத அந்தக் கிழவரின் படம் ஸ்டூவர்ட் எழுதியவற்றில் தலைசிறந்த சிலவற்றுள் ஒன்று. எழுதியவருக்கும் அப்போது அறுபத்தேழு வயது, உடம்பும் சரியில்லை.

அவர் மனநிலை ஒரே சீராக இருந்ததில்லை. சில மாதம் உற்சாகம் கரைபுரளும். சில மாதம் தூரிகையைத் தொடமாட்டார், குறை சொன்னவர்களின் படத்தை முடிக்க மறுப்பார். இது ஒருவகை மனநோயாக இருக்கலாம் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர்களில் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் ஊதாரி, சோம்பேறி என்று அவரை ஏசியவர்கள் பாதிதான் அறிந்தவர்கள்.

கடைசிப் பெண்

மகன் சார்லஸ் ஓவியத்தில் கெட்டிக்காரன். 1813-ம் ஆண்டில் இருபத்தாறு வயதில் இறந்துபோனான். கடைசிப் பெண் ஜேனுக்கு அப்போது ஒரு வயது. அவள் வளர்ந்து தகப்பனாருக்கு வர்ணம் அரைத்துக் கொடுத்தாள். அறையைச் சுத்தம் செய்தாள். யார் யாருக்கோ யோசனை சொல்லி இளம் ஓவியர்களை முன்னுக்குக் கொண்டுவந்த ஸ்டூவர்ட், தம் பெண்ணை உட்காரவைத்து முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

1824-ம் ஆண்டில் பக்கவாதம் வந்து ஸ்டூவர்ட்டின் இடது கை விழுந்துவிட்டது. வலது கை இருக்கிறதே என்று மேலும் எழுதினார். 1828-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி பாஸ்டனில் காலமானார். வயது எழுபத்திரண்டு. வீட்டில் பணமில்லை. நகரப் பொது மைதானத்தை ஒட்டிய இடுகாட்டில், ஒரு தச்சருக்குச் சொந்தமான கல்லறையில் மலிவாக இடம் பிடித்துப் புதைத்தார்கள். பெயர் பொறித்த கல் வைக்கவில்லை. அந்த வருஷமே பாஸ்டன் அதீனியம் என்ற நூலகச் சபையினர் அவர் எழுதிய படங்களை இருநூறுக்கு மேல் திரட்டிக் கண்காட்சி நடத்தி, வசூலைக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள்.

மார்த்தா அம்மையாருக்குக் கொடுக்காத அந்த இரண்டு படங்களும் கடைசிவரை ஸ்டூவர்ட் வீட்டில்தான் இருந்தன. 1831-ம் ஆண்டில் அதீனியத்துக்காக அவை 1,500 டாலருக்கு வாங்கப்பட்டன. 1980-ம் ஆண்டிலிருந்து பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையும் வாஷிங்டன் நகரத்து தேசிய உருவப்படச் சாலையும் அவற்றுக்குக் கூட்டாகச் சொந்தக்காரர்கள்.

தாயாரையும் சகோதரிகளையும் காப்பாற்றும் பாரம் ஜேன்மீது விழுந்தது. நியூபோர்ட்டுக்குத் திரும்பி வந்து, தகப்பனாரின் வாஷிங்டன் முகத்தையே பிரதி எழுதி விற்று அவள் குடும்பம் நடத்தினாள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. அவர் இறந்து பத்து வருஷம் கழித்துக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், தகப்பனாரின் எலும்புகளை எடுத்து வந்து நியூபோர்ட்டில் அடக்கம் செய்யலாம் என்று குடும்பத்தார் ஏற்பாடு செய்தார்கள். பாஸ்டன் இடுகாட்டில் இந்த வரிசையா அந்த வரிசையா என்று ஒருவருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எடுக்காமலே விட்டுவிட்டார்கள்.

பிற்காலத்தில் பாஸ்டன் ஓவியர்கள் அந்த இடுகாட்டில் அவர் பெயரோடு, வர்ணம் குழைக்கும் தட்டு வடிவில் ஒரு தகடு பதித்தார்கள். அவர் கிடப்பது அந்தத் தகட்டின் கீழ் அல்ல. ஜேன் 1888-ம் ஆண்டுவரை இருந்தாள். அப்போது தகப்பனார் எழுதிய முகம் டாலர் நோட்டில் ஏறிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.